சொக்கெட் அறுந்தது சரி, எப்போது அறுந்தது?

"லோக்கலில் வடிவாக ஓடுது அண்ணா, சேர்வரில் போட்டால் சொக்கெட் வேலை செய்யுதில்லை." கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகள் எனக்கு அடிக்கடி அனுப்பும் செய்தி இது. லோக்கல் என்றால் அவர்களுடைய சொந்தக் கணினி. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷொட், அதில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. வெப்சொக்கெட் என்பது பிரவுசரும் சேர்வரும் திறந்தே வைத்திருந்து இரு பக்கமும் பேசிக்கொள்ளும் இணைப்பு. அது ஏன் தோற்றது என்பதை பிரவுசர் பாதுகாப்புக் கருதி ஜாவாஸ்கிரிப்டுக்குச் சொல்வதில்லை. 1006 என்ற மூடல் எண் வந்தாலும், முறைப்படி மூடப்படாமல் அறுந்துவிட்டது என்பது மட்டும்தான் தெரியும்.

ஆகவே நான் முதலில் கேட்பது நேரத்தை. இணையவே இல்லையா? இணைந்து ஒரு நிமிடம் கழித்து அறுகிறதா? அல்லது இணைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே தகவல் வராமல் இருக்கிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் நிரலில் கை வைப்பவர்கள், நல்லாக இருந்த இடத்தையும் கெடுத்துவிடுகிறார்கள்.

இணையவே இல்லை என்றால் பிரவுசரின் நெட்வேர்க் பகுதியைத் திறந்து முதல் கோரிக்கையைப் பாருங்கள். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6455 தரத்தின்படி வெப்சொக்கெட் ஒரு சாதாரண எச்டிடிபி கெட் கோரிக்கையாகத்தான் தொடங்குகிறது. "அப்கிரேட்" என்ற ஹெடர் (கோரிக்கையின் தலைப்புக் குறிப்பு) போகும், சேர்வர் 101 என்று பதில் தரும், அதற்குப் பிறகே சொக்கெட். 101 வராவிட்டால் வேறு என்ன எண் வந்தது என்பதே தடயம். 404 என்றால் பாதை பிழை. 502 என்றால், கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப முன்னால் நிற்கும் புரொக்சிக்குப் பின்னால் நோட் (சேர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. கோரிக்கையே வெளியே போகாவிட்டால், எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து, மறைகுறியிட்ட வெப்சொக்கெட் முகவரியான டபிள்யூஎஸ்எஸ் இல்லாமல் வெறும் டபிள்யூஎஸ் முகவரியைக் கூப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். பிரவுசர் அதைத் தடுத்துவிடும்.

லோக்கலில் ஓடி சேர்வரில் ஓடாததற்கு நான் அதிகம் காணும் காரணம், புரொக்சியாக வைக்கப்படும் என்ஜின்எக்ஸ். அப்கிரேட், கனெக்ஷன் ஆகிய இரண்டு ஹெடர்களும் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினி வரைக்கும்தான் செல்லுபடியாகும். புரொக்சி அவற்றைத் தானாக உள்ளே அனுப்பாது. அனுப்பு என்று அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும், எச்டிடிபி 1.1 என்றும் குறிப்பிட்டுவிட வேண்டும். வெப்சொக்கெட் வேலையைச் சுலபமாக்கும் சொக்கெட்.ஐஓ நூலகத்தைப் பாவிப்பவர்களுக்கு இந்தப் பிழை நீண்ட நாள் கண்ணிலேயே படாது. அது முதலில், சாதாரண கோரிக்கைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் கேட்கும் லோங் போலிங் முறையில் இணைந்துவிட்டு, பிறகுதான் வெப்சொக்கெட்டுக்கு மாறப் பார்க்கும். மாற முடியாவிட்டால் பழைய முறையிலேயே தொடரும். செயலி ஓடும், ஆனால் கோரிக்கைகள் குவிந்து சேர்வர் திணறும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கும்போதும் எந்த வழியில் இணைந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சேர்வரில் ஒன்றுக்கு மேற்பட்ட நோட் புரொசஸ் ஓடினால் 400 என்ற பதிலோடு "செஷன் ஐடி அன்னோன்" என்று வரும். போலிங்கின் முதல் கோரிக்கை ஒரு புரொசஸுக்கும் அடுத்தது இன்னொன்றுக்கும் போய்விடுகிறது. ஒரே ஆளின் கோரிக்கைகள் ஒரே புரொசஸுக்குப் போகும்படி, கோரிக்கைகளைப் பங்கிடும் லோட் பலன்சரை அமைக்க வேண்டும். ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பகத்தோடு சொக்கெட்.ஐஓவை இணைக்கும் ரெடிஸ் அடப்டர் போட்டால் இது தீரும் என்று பலர் நம்புகிறார்கள், தீராது. அது புரொசஸ்களுக்கு இடையே செய்தி பரப்புவதற்கானது. அப்புறம் பதிப்புப் பிரச்சினை: சேர்வரை சொக்கெட்.ஐஓ 3க்கோ 4க்கோ உயர்த்திவிட்டு, கடைக்காரர்களின் டெப்லட்டில் 2ஆம் பதிப்புச் செயலியை அப்படியே விட்டால் அவை இணையாது. சேர்வரில் பழைய நெறிமுறையை அனுமதிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது.

அறுபது செக்கனில் அறுந்தால் அது தற்செயல் இல்லை. என்ஜின்எக்ஸ் பேச்சில்லாத இணைப்புக்காகக் காத்திருக்கும் இயல்பு நேரம் 60 செக்கன், அமேசானின் அப்ளிகேஷன் லோட் பலன்சரிலும் அப்படியே. அந்த எண்ணை ஒரு நாளாக உயர்த்தி வைப்பது தீர்வில்லை, செத்த இணைப்புகள்தான் சேரும். இடையிடையே பிங், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்கும் சிறு செய்தி, அனுப்புங்கள். சொக்கெட்.ஐஓ 25 செக்கனுக்கு ஒருமுறை தானே அனுப்பும். நோட்டின் "டபிள்யூஎஸ்" என்ற நூலகத்தை மட்டும் பாவித்தால் நீங்களே எழுத வேண்டும், அதுவும் சேர்வர் பக்கத்தில். பிங் சட்டகம் அனுப்ப பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்டுக்கு வழி கிடையாது.

எல்லோரும் ஒரே நேரத்தில் அறுந்தால் நெட்வேர்க்கைத் திட்டாதீர்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடை ஒன்றின் இருப்புக் கணக்கில் இப்படி நடந்தது. தினமும் பின்னேரம் கணக்காளர் அறிக்கை எடுக்கும் நேரத்தில்தான் எல்லாத் திரைகளும் விழுந்தன. அறிக்கை தயாரிக்கும் நீண்ட கணக்கு நோட்டின் ஒரே இழையைப் பிடித்து வைத்திருந்ததால், பிங்குக்கு வந்த பதில்கள் வாசிக்கப்படாமல் கிடந்தன. பதிலுக்காக சொக்கெட்.ஐஓ இயல்பாகக் காத்திருக்கும் 20 செக்கன் தாண்டியதும் எல்லா இணைப்பும் செத்ததாகக் கணக்கானது. அறிக்கையை வேறு புரொசஸுக்கு மாற்றியதும் நின்றுவிட்டது.

இணைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே தகவல் வராத மூன்றாவது வகைதான் எனக்கு உண்மையில் கவலை தருவது, ஏனென்றால் பாதிக்கப்படுவது சாதாரண சனம். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கடற்கரை ரயிலில் போகும் ஒருவரின் ஃபோன் வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறியிருக்கும். கரண்ட் போய் கடையின் ரௌட்டர் அணைந்திருக்கும். யாரும் யாருக்கும் விடை சொல்லாமலே இணைப்பு போய்விடுகிறது. இயல்பு அமைப்பில் சொக்கெட்.ஐஓவுக்கு அது தெரியவர 45 செக்கன் வரை ஆகலாம். அதுவரை வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையின் சமையலறைத் திரையில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டேயிருக்கும். அந்த இடைவெளியில் வந்த ஓர்டர் காற்றோடு போனது. வாடிக்கையாளர் பசியோடு காத்திருப்பார், சமையல்காரருக்கு ஒன்றுமே தெரியாது.

அறுந்த நேரத்தில் பிரவுசர் அனுப்ப முயன்றதை சொக்கெட்.ஐஓ சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும். சேர்வர் அனுப்பியதை இயல்பாகச் சேர்த்து வைக்காது. 2023இல் வந்த 4.6 பதிப்பில் நிலையை மீட்கும் வசதி ஒன்று உண்டு, ஆனால் சாதாரண ரெடிஸ் அடப்டரோடு அது வேலை செய்யாது. பணமும் சாப்பாடும் மருந்தும் சம்பந்தப்பட்ட செயலிகளில் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். ஓர்டர் முதலில் தரவுத்தளத்தில் வரிசை எண்ணோடு பதிவாகட்டும். திரை மீண்டும் இணைந்ததும் "எனக்குக் கடைசியாகக் கிடைத்தது இந்த எண்" என்று சொல்லட்டும், மீதியை சேர்வர் கொடுக்கட்டும். சொக்கெட் ஐடியை ஆள் அடையாளமாகப் பாவிக்காதீர்கள், ஒவ்வொரு இணைப்புக்கும் அது மாறும். செய்தி கேட்கும் பங்ஷனை "கனெக்ட்" நிகழ்வுக்குள் எழுதினால், மீண்டும் இணையும்போதெல்லாம் இன்னொன்று சேர்ந்து ஒரே ஓர்டர் இரண்டு, மூன்று தடவை அச்சாகும்.

மீண்டும் இணைவதிலும் அவசரம் கூடாது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அப்படி ஒரு நாளில் ஒரு பகுதிக்குக் கரண்ட் திரும்பியதும் அங்குள்ள ரௌட்டர்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக எழும்பும். சொக்கெட்.ஐஓ தன் காத்திருப்பு நேரத்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைக் கலந்துதான் திரும்ப முயலும். அதை அணைத்துவிட்டு ஒவ்வொரு செக்கனும் முயல்வதாகச் சொந்தமாக எழுதியவர்களின் சேர்வர், கரண்ட் வந்த பிறகுதான் விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையாத கோபத்தில் பலர், வேறு எந்தத் தளங்களுக்கு அனுமதி என்று குறிக்கும் கோர்ஸ் அமைப்பில் எல்லோருக்கும் அனுமதி என்ற நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுகிறார்கள். வெப்சொக்கெட்டை கோர்ஸ் கட்டுப்படுத்தாது. குக்கியை மட்டும் பார்த்து ஆளை உள்ளே விடும் சேர்வரோடு, வேறு ஏதாவது தளத்தில் இருக்கும் நிரல் உங்கள் வாடிக்கையாளரின் பெயரில் சொக்கெட் திறக்க முடியும். கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பிரவுசர் சொல்லி அனுப்பும் "ஒரிஜின்" ஹெடரை சேர்வரே பார்த்து, தெரியாத தளம் என்றால் 101 கொடுக்காமல் மறுத்துவிட வேண்டும். சொக்கெட்.ஐஓவில் அதற்கு "அலவ்ரிக்குவெஸ்ட்" என்ற பங்ஷன் இருக்கிறது.