வகைநீக்கமா, கமுக்க நீக்கமா?

பழைய அரசுக் கோப்பு ஒன்று வெளியே வந்தால் போதும், "வகைப்படுத்தப்பட்ட ஆவணங்கள் வகைநீக்கம் செய்யப்பட்டன" என்று எழுதிவிடுகிறார்கள். டீகிளாசிஃபிகேஷனுக்கு இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது.

இலத்தீனில் கிளாசிஸ் என்றால் மக்களைப் பிரித்த பிரிவு. அதன் வழிவந்த கிளாசிஃபை, அரசு அலுவலகத்துக்குள் "இன்ன அளவு ரகசியம்" என்று முத்திரை குத்துவதைக் குறிக்கலாயிற்று. டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல் என்று படிகள் உண்டு. அந்த முத்திரையை எடுப்பதுதான் டீகிளாசிஃபிகேஷன். நீங்குவது ரகசியம், வகை அல்ல.

"சொல்லுக்குச் சொல் சரிதானே" என்பார்கள். சரி, 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தில் அதை வைத்துப் பார்ப்போம். ரகசிய முத்திரையுள்ள ஆவணம் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகக் கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. காப்பகத்துக்கு வந்த, 30 ஆண்டுக்கு மேற்பட்ட 'அன்கிளாசிஃபைடு' (ரகசிய முத்திரை இல்லாத) ஆவணங்களை ஆய்வாளர்கள் பார்க்க வழி செய்கிறது 12ஆம் பிரிவு. அதை "வகைப்படுத்தப்படாத ஆவணங்கள்" என்று பெயர்த்தால், பிரித்து அடுக்காமல் மூலையில் கிடக்கும் காகிதக் கட்டு என்றுதானே படிப்பவர் நினைப்பார்? காப்பகத்துக்கு வந்த கோப்புகளைத் துறைவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கிப் பட்டியலிடுகிறார்கள். உண்மையான வகைப்படுத்தல் அதுதான். ஆக, 'வகைநீக்கம்' ஆன கோப்பு அதன்பிறகே வகைப்படுத்தப்படுகிறது! அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடும் பழக்கத்தால் வருகிற வினை இது.

'மறைநீக்கம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். மறை வேதத்தையும் குறிக்குமே. 'மந்தணம்' நல்ல ஆட்சிச்சொல், ஆனால் கான்ஃபிடென்ஷியல் என்ற ஒரு படிக்கே அது நிலைத்துவிட்டது. எல்லாப் படிக்கும் பொதுவாக எனக்குப் பிடித்தது கமுக்க நீக்கம். "கமுக்கமா இரு" என்று பேச்சிலும் உயிரோடிருக்கும் சொல் கமுக்கம். தயக்கமிருந்தால் 'ரகசிய நீக்கம்' என்றே எழுதுங்கள், குடி முழுகிவிடாது.

'வெளியீடு' என்பதையும் இதற்கு மாற்றாகப் போடக் கூடாது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பற்றிய அரசுக் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமர் அலுவலகம் தன்னிடமிருந்தவற்றில் முதல் தொகுதியைக் காப்பகத்திடம் கொடுத்தது 2015 டிசம்பரில். 100 கோப்புகள் மக்கள் பார்வைக்கு வந்ததோ 2016 ஜனவரி 23 அன்று. கமுக்க நீக்கம், ஒப்படைப்பு, வெளியீடு மூன்றும் தனித்தனிச் செயல்கள். முதலாவது முடிந்தும் மற்ற இரண்டும் நடக்காமலே ஒரு கோப்பு அலமாரியில் கிடக்கலாம். மூன்றுக்கும் 'வகைநீக்கம்' என்றே எழுதினால், கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வாசகர் எப்படிக் கேட்பார்?