லோ-கீ என்றால் ‘குறை ஒளி’யா?

போன வாரமும் ஓர் ஒளிப்படப் பயிற்சிக் குறிப்பில் அதையே பார்த்தேன். படத்தின் பெரும்பகுதியை நிழலில் விடும் லோ-கீ (low-key) ஒளியமைப்புக்குத் தமிழ், ‘குறை ஒளி’யாம். அதை நம்பிய பையன் ஒருவன் அறை விளக்குகளை எல்லாம் மங்கலாக்கி, கேமராவில் ஒளியுணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றி, தன் அப்பாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வந்து காட்டினான். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. முகம் முழுக்கச் சாம்பல் பூத்து, புள்ளிபுள்ளியாகக் கிடந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல் காட்டிய வழியில்தான் போயிருக்கிறான்.

இங்கே ‘கீ’ என்பது சாவி இல்லை. இசையில் சுருதியைக் குறிக்கும் சொல்லை ஓவியர்கள் படத்தின் மொத்தச் சாயலுக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அது கேமராக்காரர்களிடம் வந்தது. பிறப்பு அவ்வளவுதான்.

வெளிச்சம் எவ்வளவு என்ற பேச்சே இதில் கிடையாது. முகத்தில் விழும் முதன்மை விளக்கு ஒன்று. நிழலைத் தணிக்க வைக்கும் நிரப்பு விளக்கு இன்னொன்று. நிழல் பக்கத்தைவிட ஒளிப் பக்கம் 2 மடங்கு வெளிச்சமாக இருந்தால் முகம் மென்மையாகத் தெரியும். 8 மடங்கு என்றால் பாதி முகம் இருளுக்குள் போய்விடும். அந்த இருளைத்தான் லோ-கீ என்கிறோம். இருள் சூழ்ந்த ஹாலிவுட் குற்றப் படங்களான நுவார் படங்களில் முதன்மை விளக்கு மங்கலாகவா இருந்தது? 1944இல் வந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’யைப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் ஜன்னலின் பட்டைத் திரை வழியாக ஒளியைப் பாய்ச்சுகிறார். நாயகனின் கோட்டின் மேல் நிழல் கோடுகோடாக, ஓரம் வெட்டினாற்போல் விழுகிறது. அதற்கு முன்பே, 1930களில், ஹாலிவுட் நட்சத்திரங்களை எடுத்த ஜார்ஜ் ஹரெல் நீண்ட கொம்பில் விளக்கைத் தலைக்கு மேல் நீட்டிக் கன்ன எலும்புக்குக் கீழே நிழலை இறக்கினார். இதையெல்லாம் ‘குறை ஒளி’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

படத்தைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது. ‘லோ’வுக்குக் குறை, ‘கீ’யைக் காணோம், கூடவே ஓர் ஒளி! ‘கீழ்ச்சுருதி ஒளி’ என்று சொல்லலாமே என்று கேட்கலாம். மூலத்துக்கு நெருக்கம்தான், நானே கொஞ்ச நாள் எழுதியிருக்கிறேன். பிறகு அதை விட்டுவிட்டேன்; சுருதி வடசொல் என்பதற்காக அல்ல. அந்தச் சொல்லைக் கேட்டவருக்குத் தம்புராதான் நினைவுக்கு வருகிறது, விளக்கு வருவதில்லை. விளக்கை எங்கே வைப்பது என்று சொல்லாத கலைச்சொல்லால் படமெடுப்பவனுக்கு என்ன பயன்?

நான் எழுதுவது ‘நிழலோங்கு ஒளியமைப்பு’. நிழல் ஓங்கி நிற்கிறது, ஆனாலும் ஒளி இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, நிழல் குறைந்த ஹை-கீக்கு ‘ஒளியோங்கு’ என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும். ‘மிகை ஒளி’ என்றால் வெளுத்துப்போன படம் என்று ஆகிவிடும்.

பையனிடம் மேசை விளக்கு ஒன்றை மட்டும் அப்பாவுக்குப் பக்கவாட்டில், சற்று உயரத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி கட்டச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான். மீசையில் பாதி இருளுக்குள் போயிருந்தது, ஒரு கண்ணில் மட்டும் சிறு வெள்ளைப் பொட்டு.