ஈ.எம்.ஜி.: தசை மின்பதிவும் நரம்புக் கடத்தல் சோதனையும்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளில் கை மதமதப்பு, பாத எரிச்சல், கைப்பிடி தளர்வு என்று மருத்துவரிடம் போகிறவர்களின் சீட்டில் ‘ஈ.எம்.ஜி.’ என்ற மூன்றெழுத்து எழுதப்படுவதுண்டு. சில சீட்டுகளில் அது ‘என்.சி.வி.’ என்றும், இரண்டையும் சேர்த்து ‘ஈ.என்.எம்.ஜி.’ என்றும் இருக்கும். பேச்சு வழக்கில் இவையெல்லாம் ‘நரம்பு டெஸ்ட்’, அல்லது ‘கரண்டு வைத்துப் பார்ப்பது’. பிசியோதெரபியில் தளர்ந்த தசைக்கு மின்தூண்டல் கொடுப்பதையும் நாம் ‘கரண்டு வைப்பது’ என்றே சொல்வதால், சோதனையைச் சிகிச்சை என்று எண்ணி, இன்னும் எத்தனை தடவை வைத்தால் குணமாகும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்குக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு வேலைகளை நாம் அடைத்துவைத்திருக்கிறோம்.

‘எலெக்ட்ரோமயோகிராம்’ என்பது மூன்று கிரேக்கச் சொற்களின் கூட்டு. ‘எலெக்ட்ரோன்’ என்பது அம்பர் என்னும் மரப்பிசின் படிவத்தின் பெயர். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதனால் பின்னாளில் மின்சாரத்துக்கே அது பெயரானது. ‘மூஸ்’ என்பதற்கு எலி என்றும் தசை என்றும் இரு பொருள் உண்டு. தோலுக்கடியில் தசை திரண்டு ஓடுவது எலி ஓடுவதுபோல் பழங்காலத்தாருக்குப் பட்டிருக்க வேண்டும். இலத்தீனிலும் தசையைக் குறிக்கும் ‘முஸ்குலுஸ்’ என்ற சொல்லுக்குச் சுண்டெலி என்பதே நேர்ப்பொருள். ‘கிராமா’ என்றால் எழுதப்பட்டது. நாம் மளிகைக் கடையில் சொல்லும் எடை அலகான கிராமும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, தசையின் மின்செயல் எழுதப்பட்ட தாள் என்பதே முழுச் சொல்லின் பொருள். தாளுக்குக் ‘கிராம்’, கருவிக்குக் ‘கிராஃப்’, முறைக்குக் ‘கிராஃபி’ என்ற வேறுபாட்டைத் தமிழிலும் காக்க வேண்டுமானால் பதிவு, பதிவி, பதிவியல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லின் தமிழ் வடிவங்களில் ‘மின்தசை வரைவு’ என்பதும் ஒன்று. கிரேக்கச் சொல்லின் வரிசையை அப்படியே பின்பற்றியதால் வந்த பிழை அது. தமிழில் ‘மின்தசை’ என்றால் மின்சாரத்தால் இயங்கும் தசை என்றோ, மின்னுகின்ற தசை என்றோதான் பொருள்படும். ‘தசை மின்பதிவு’ என்று வரிசையை மாற்றினால், தசையில் எழும் மின்செயலின் பதிவு என்று சொல் தானாகவே விளங்கிவிடுகிறது. வரைவைவிடப் பதிவு என்ற சொல் பொருத்தமானது என்று கருதுகிறேன். இன்றைய கருவி கோட்டைத் திரையில் காட்டுவதோடு, தசையின் மின்செயலை ஒலியாகவும் கேட்கவைக்கிறது; பழகிய மருத்துவர் பாதி முடிவைக் காதாலேயே எடுத்துவிடுகிறார். தசையைப் பேச்சில் சதை என்கிறோமே, அது எழுத்து இடம் மாறிய இலக்கணப்போலி என்று பள்ளியில் படித்ததுதான்.

நரம்பு என்ற சொல்லின் கதை இதைவிடச் சிக்கலானது. பழந்தமிழில் நரம்பு என்பது முதலில் நாண் போல் நீண்டு முறுக்கேறிய எதையும் குறித்தது. யாழில் கட்டிய தந்தி நரம்பு. தொல்காப்பியம் இசைநூலையே ‘நரம்பின் மறை’ என்கிறது. மகன் போரில் புறமுதுகிட்டான் என்று கேட்டுச் சினந்த முதியவளைப் பாடும் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ‘நரம்பெழுந் துலறிய நிரம்பா மென்றோள்’ என்று தொடங்குகிறார் (புறநானூறு 278); அங்கே மெலிந்த தோளில் புடைத்துத் தெரியும் நரம்பு, இன்றைய உடற்கூற்றியல்படி பெரும்பாலும் இரத்த நாளமே. இலையில் ஓடுவதும் நரம்பு. காலிலிருந்து நூல்போல் வெளிவரும் கினிப்புழு நோய்க்கு நரம்புச்சிலந்தி என்று பெயர். இன்றும் கிராமத்தில் ‘நரம்பு ஊசி’ என்றால் சிரைக்குள் போடும் ஊசிதான். ஆகவே, ஈ.எம்.ஜி.க்காக ஊசி குத்த வேண்டும் என்று சொல்லும்போது நோயாளி மருந்து ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டுவது இயல்பே.

கிரேக்கத்தின் ‘நியூரோன்’ என்ற சொல்லும் முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்துப் பின்னரே இன்றைய பொருளுக்கு வந்தது. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு நரம்பும் நியூரோனும் ஒரே வேர் என்று துள்ளுகிறவர்கள், மலையாளத்தில் அது ஞரம்பு என்றும், கன்னடத்தில் நர என்றும், தெலுங்கில் நரமு என்றும் வழங்குவதைப் பார்த்து நிதானிக்க வேண்டும். இது திராவிட மொழிகளுக்குள்ளேயே வளர்ந்த சொல். வியப்பு வேறொன்றில் உள்ளது. யாழின் நரம்பு உடலில் செய்தி கடத்தும் இழைக்குப் பெயரானதுபோல, வீணையின் தந்தி ஊருக்கு ஊர் செய்தி கடத்திய கம்பிக்குப் பெயரானது.

உடலின் நரம்பில் ஓடும் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று 19ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியலாளர் யோகன்னஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அதை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று கண்டார். மனிதன் கையை இறுக்கும்போது தசையில் மின்செயல் எழுவதை ஜெர்மன் உடலியலாளர் துபுவா-ரேமோன் 1849இல் காட்டியிருந்தார். 1929இல் ஏட்ரியன், பிராங்க் என்ற உடலியலாளர்கள் ஊசிக்குள் கம்பி வைத்த மின்முனையை (எலெக்ட்ரோடு) உருவாக்கிய பிறகே தசை மின்பதிவு மருத்துவமனைக்கு வந்தது.

இப்போது என்.சி.வி., ஈ.எம்.ஜி. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். என்.சி.வி. எனப்படுவது நரம்புக் கடத்தல் சோதனை. இதில்தான் கரண்டு உள்ளே போகிறது. தோலின் மேல் ஓரிடத்தில் நொடியின் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரமே நீடிக்கும் சிறு மின்துடிப்பைக் கொடுத்து, வேறோரிடத்தில் அதன் விளைவை வாங்குகிறார்கள். கையின் பெரிய நரம்புகளில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேலும், காலில் 40 மீட்டருக்கு மேலும் இருந்தால் பொதுவாக இயல்பு. மடையைத் திறந்த பிறகு கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர எடுக்கும் நேரம் ஒன்று, வந்துசேர்ந்த அளவு வேறு என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நரம்பின் மேலுறை கெட்டால் நேரம் கூடும். உள்ளிழை செத்தால் அளவு குறையும். வந்துசேரும் அளவைக் குறிக்க (ஆம்பிளிட்யூட்) வீச்சு என்ற பாடநூல் சொல் போதும். ஆனால் ‘லேட்டன்சி’க்கு உள்ளுறை நேரம் என்று எழுதுவது, உள்ளுறை வெப்பம் என்ற பழைய சொல்லைப் பார்த்துப் போட்ட ஒட்டு, இங்கே எதுவும் உள்ளே உறைந்திருக்கவில்லை. துடிப்புக்கும் மறுமொழிக்கும் இடையிலான சுணக்கத்தைச் சுணக்க நேரம் என்றே சொல்லலாம்.

குந்தியபடியே நெடுநேரம் களை பறிப்பவருக்கு முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பைச் சுற்றி வரும் நரம்பு நசுங்கிப் பாதம் தூக்க முடியாமல் போவதும், மணிக்கட்டை ஓயாமல் மடக்கி நீட்டி வேலை செய்பவருக்கு அங்குள்ள குறுகிய வழியில் நடுநரம்பு நெருக்குண்டு விரல்கள் இரவில் மரத்துப்போவதும், சர்க்கரை நோயில் இரு பாதங்களிலிருந்தும் மதமதப்பு மேலேறுவதும் இந்தச் சோதனையில் வெவ்வேறு முகம் காட்டும். ஆனால் இது தடித்த உறையுள்ள பெரிய இழைகளையே அளக்கிறது. பாதம் நெருப்பாய் எரிந்தும் முடிவு இயல்பு என்று வரலாம். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிழைகள் இதில் அகப்படுவதில்லை. அதைக் கொண்டு நோயாளி நடிக்கிறார் என்று வீட்டார் முடிவு கட்டக்கூடாது. கால் குளிர்ந்திருந்தாலும் வேகம் குறைந்து காட்டும். வலிக்கிறதே என்று தைலம் தடவிக்கொண்டு போனால் மின்முனை தோலில் சரியாகப் பொருந்தாது.

தசை மின்பதிவில் கரண்டு கொடுப்பதில்லை. மெல்லிய ஊசி தசைக்குள் சென்று அங்கே இருப்பதைக் கேட்கிறது, அவ்வளவுதான். தளர்ந்து ஓய்ந்திருக்கும் நல்ல தசை ஊசி நின்றபின் பேசாது. நரம்புத் தொடர்பு அறுந்த தசையோ ஓய்விலும் தானாகத் துடிக்கும். அந்தத் துடிப்பு தோன்ற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதனால், விபத்து நடந்த மறுநாளே செய்த பதிவில் ஒன்றும் தெரியாமல் போய், பின்னர் மீண்டும் செய்யச் சொல்வது வழக்கம். அதைப் பணத்துக்காகச் சொல்வதாக எண்ண வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைச் சோதிக்க, நொடிக்கு மூன்று முறைபோல் தொடர்ந்து துடிப்புக் கொடுத்து, மறுமொழி படிப்படியாகத் தேய்கிறதா என்று பார்ப்பது. ‘மீள்தூண்டல் சோதனை’ என்று இதைச் சொல்லலாம். மாலையானால் இமை தொங்கும் மயஸ்தீனியா நோயை அறிய இது உதவுகிறது. வயல் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகையும், தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும் கட்டுவிரியனின் நஞ்சும் தாக்குவது இதே சந்திப்பைத்தான். அங்கெல்லாம் சோதனைக்குக் காத்திராமல் சிகிச்சை முதலில் தொடங்கிவிடும்.