மும்மூர்த்தியா, மூவொருமையா?

போன கிழமை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில், ஆராதனை நோட்டிஸ் ஒன்றைப் பிழை பார்க்கத் தந்தார்கள். பெந்தெகொஸ்துக்கு அடுத்த ஞாயிறுக்கானது. மேலே கொட்டை எழுத்தில் ‘பரிசுத்த மும்மூர்த்திகள் ஞாயிறு’.

“என்ன தம்பி இது?”

“இங்கிலீசிலை தந்தவை சேர். போன் அப்பிடித்தான் மாத்திக் காட்டினது.”

இதே மும்மூர்த்தி படத்தின் அடிவரியில் ஒருமுறை, செத்தவீட்டுப் பிரசங்கத்தில் ஒருமுறை, இப்போது இது. 3 தரம் பொறுத்தாயிற்று.

நோட்டிஸ் சொல்ல வந்தது திரித்துவத்தை; பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையை. அந்தச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரி என்றால் மூன்று, துவம் என்றால் தன்மை. திரித்துவம் வடமொழிவழி வந்தது. லத்தீனில் திரினித்தாஸ். கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைக் கையாண்டிருக்கிறார். வேதாகமத்தில் அந்தச் சொல் இல்லை. மறுப்பவர்கள் முதலில் எடுத்துவிடுவதும் இதைத்தான். சொல் இல்லைத்தான், அதைத் தேடவைத்த வசனங்கள் இருக்கின்றன.

மும்மூர்த்தி நல்ல சொல், ஆனால் வேறொரு வீட்டுச் சொல். பிரமன் படைக்க, திருமால் காக்க, உருத்திரன் அழிக்க, தொழில் பிரிந்திருக்கிறது. கோணேசர் கோயிலடியில் நின்று யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பிதா, குமாரன், ஆவியை அதற்குள் கொண்டுபோய்த் திணித்தால் அவர்களுக்கும் பிடிக்காது. திரித்துவத்தில் இந்தப் பங்குபிரிப்பு ஓடாது. படைப்பையே எடுங்கள். ஆதியாகமம் 1இல் தேவன் சிருஷ்டிக்கிறார், ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடுகிறார். யோவான் 1:3இல் சகலமும் வார்த்தையானவராகிய குமாரன் மூலமாய் உண்டாகிறது. மூவரும் ஒரே வேலையில் நிற்கிறார்கள். பிரமனுக்கு மட்டும் என்று எதைப் பிரித்துக் கொடுப்பது?

மத்தேயு 28:19இல் ‘பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே’ என்றிருக்கிறது. ஆட்கள் மூவர், நாமம் ஒன்று, கிரேக்கத்திலும் ஒருமைதான். ‘நாமங்களிலே’ என்று வாசித்த ஒருவரை நானே கேட்டிருக்கிறேன். யோவான் 10:30 இன்னும் நுட்பம்: ‘நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்.’ மூலத்தில் அந்த ‘ஒன்று’ அஃறிணை. இருவரும் ஒரே ஆள் என்றிருந்தால் ‘ஒருவர்’ என்ற வடிவம் வந்திருக்கும். ஒன்று, ஒருவர் என்று பிரிக்கத் தெரிந்த மொழி நம்முடையது. இங்கிலீஷ்காரர் பந்தி பந்தியாக விளக்குவதைத் தமிழ் ஒரு விகுதியில் முடித்துவிடும். அப்படிப்பட்ட மொழியை வைத்துக்கொண்டு போனிடம் போய்க் கேட்கிறோம்.

ஆகவே என் தெரிவு மூவொருமை. மூவர் என்பதில் ஆட்கள் வந்துவிடுகிறார்கள், ஒருமை என்பதில் மத்தேயுவின் அந்த ஒற்றை நாமம் வந்துவிடுகிறது. கத்தோலிக்கர் சொல்லும் மூவொரு கடவுளும் இதே வழிதான். திரியும் ஏகமும் (ஒன்றும்) சேர்ந்த திரியேகர் வடசொல் என்றாலும் கருத்தில் குறையில்லை, பாட்டில் கேட்கவும் நன்றாயிருக்கும். திரித்துவம் மூன்றை மட்டும் சொல்லிவிட்டு ஒன்றைக் கேட்பவரின் ஊகத்துக்கு விடுகிறது. பழகிய சொல், இருந்துவிட்டுப் போகட்டும். திரிகோணமலையா திருகோணமலையா என்று இன்னும் வாதாடும் ஊர்க்காரன், ‘திரி’யில் எனக்குக் கொஞ்சம் கவனம் கூட.

இன்னொரு எரிச்சல், 1 யோவான் 5:7. பழைய மொழிபெயர்ப்பில் ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்’ என்று வரும். கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பும் விட்டுவிட்டது. ஆனாலும் எங்கள் பிரசங்கிமார் மத்தேயுவையும் யோவானையும் தாண்டிப்போய் இதைத்தான் தூக்கிப்பிடிப்பார்கள். எதிராளி ஒரு தட்டுத் தட்டினால் விழுகிற சுவரில் ஏன் போய்ச் சாய வேண்டும்?

நோட்டிஸை ‘மூவொரு கடவுள் ஞாயிறு’ என்று திருத்திக் கொடுத்தேன். பின்னேரம் தம்பி கொண்டுவந்த படியில் ‘மூவர் ஒரு கடவுள் ஞாயிறு’ என்றிருந்தது.

“விளங்கிற மாதிரி இருக்கட்டும் எண்டு பிரிச்சுப் போட்டன் சேர்.”

வெட்டப் பேனையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.