டென்மார்க் கல்விச் சுற்றுலா: கோபன்ஹேகனோடு நிறுத்திவிடாதீர்கள்

மாணவர்களை டென்மார்க்குக் கூட்டிச் செல்லும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. கோபன்ஹேகனில் மூன்று இரவு, கடற்கன்னிச் சிலை, டிவோலி பூங்கா, ஓர் அரண்மனை, திரும்பும் விமானம். மலையில்லை, அருவியில்லை, நாட்டிலேயே உயரமான இயற்கை மேடு மோலெஹோய் 171 மீட்டர்கூட எட்டவில்லை, ஊர்ப்புறத்தில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த நாட்டின் பாடம் மண்ணிலும் கரையிலும்தான் இருக்கிறது. ஐந்து நாள் கையில் இருந்தால் தலைநகருக்கு ஒன்றரை நாள் போதும். மீதியை ஸ்டெவ்ன்ஸ் கிளிண்ட், யெலிங், ரீபெ ஆகிய மூன்று இடங்களுக்குக் கொடுங்கள்.

ஸ்டெவ்ன்ஸ் கிளிண்ட், கோபன்ஹேகனுக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. நீளத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கும் பாறைச் சுவர். 2014இல் உலக மரபுச் சின்னமானது. ஹோய்ருப் கிராமத்தில் படியிறங்கிப் பார்த்தால், அடியில் சாக்பீஸ் போல மாவாகும் வெள்ளைப் பாறை, மேலே கெட்டிச் சுண்ணாம்புக்கல், இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கருஞ்சாம்பல் களிமண் பட்டை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த வேளையில் கடலடியில் படிந்தது அது. லூயிஸ் ஆல்வாரெஸ், வால்ட்டர் ஆல்வாரெஸ் குழு 1980இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பட்டையில் இரிடியம் (பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள உலோகம்) வழக்கத்தைவிட 160 மடங்கு கூடுதலாக இருந்தது. விண்கல் மோதியது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்த சான்றுகளில் இதுவும் ஒன்று. பாடநூலில் ஒரு வரியில் போய்விடும் விஷயம் இங்கே கண்ணெதிரே இருக்கிறது.

ஆபத்தும் இங்கேதான். கீழ்ப்பாறை மென்மையானது, அலை அதைக் குடைந்துகொண்டே போகிறது. மேல்பாறை கெட்டி என்பதால் உடனே விழாமல் வெளியே துருத்தி நிற்கும், பிறகு ஒருநாள் மொத்தமாகச் சரியும். ஹோய்ருப் பழைய தேவாலயத்தின் பீடப் பகுதி 1928 மார்ச்சில் அப்படித்தான் கடலுக்குள் போனது. ஆகவே பாறையடியில் உட்கார்ந்து சாப்பிடுவது, குழுப்படம் எடுப்பது இரண்டும் வேண்டாம். பெருமழைக்குப் பிறகும், உறைபனி இளகும் நாட்களிலும் கரைக்கு இறங்காமல் மேலிருந்தே பார்த்துத் திரும்புங்கள். சுவரைச் சுத்தியலால் தட்டவே கூடாது. புதைபடிவம் தேட ஆசைப்படுபவர்களை அருகிலுள்ள ஃபாக்ஸெ சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அழைத்துப் போகலாம். அரிய படிவம் கிடைத்தால் அது அரசுக்குச் சொந்தம், ஒப்படைப்பவருக்கு வெகுமதி உண்டு. இந்த விதியை முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மேற்கே போகிற வழியில் ரோஸ்கில்டவில் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். எதிரிக் கப்பல்கள் உள்ளே வராதபடி 11ஆம் நூற்றாண்டில் வேண்டுமென்றே மூழ்கடித்த ஐந்து வைக்கிங் கப்பல்களை 1962இல் தோண்டி எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

யெலிங்கில் இருப்பது அரசர் ஹாரல்ட் புளூடூத் சுமார் 965இல் தன் பெற்றோர் நினைவாக நட்ட கல். டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றதாகவும் டேனியரைக் கிறித்தவராக்கியதாகவும் அதில் பொறித்திருக்கிறார். கைப்பேசியில் உள்ள புளூடூத் இவர் பெயர்தான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

யெலிங்கிலிருந்து ரீபெ வரையிலான சாலைக்கு வாடகைப் பேருந்தே சரி. ரயிலில் போனால் வழியில் நிற்க முடியாது. நிற்க வேண்டிய இடங்களோ நிறைய. கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்படலம் டென்மார்க்கின் மேற்கிலுள்ள யூட்லாந்து தீபகற்பத்தின் நடுவில் வந்து நின்றது. அதற்குக் கிழக்கே பனி அரைத்துப் போட்ட களிமண், மேற்கே உருகிய நீர் அடித்துச் சென்ற மணல். யெலிங் அருகே சாலையோரத்தில் ஒரு கரண்டி மண், மேற்கே போனபின் ஒரு கரண்டி மண் எடுத்து, நீர் தெளித்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். முதலாவது பட்டையாக நீளும், இரண்டாவது உதிரும். கிழக்கில் விளைச்சல் செழித்ததும், மேற்கு நெடுங்காலம் புதர்க்காடாகக் கிடந்ததும் ஏன் என்று அதற்குமேல் விளக்கத் தேவையிருக்காது.

இதே வழியில் கொங்கெஓ என்ற சிற்றாறு குறுக்கிடும். 1864 போரில் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் டென்மார்க் தோற்றபின் 1920 வரை பெரும்பாலும் இதுதான் நாட்டின் தெற்கு எல்லை. ஆற்றுக்குத் தெற்கே ரோடிங்கில், கிருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையில் பிறந்த, வளர்ந்தோருக்கான முதல் மக்கள் உயர்பள்ளி 1844இல் தொடங்கியது. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத கல்வி. எல்லை மாறியதும் ஆசிரியர்கள் ஆற்றைக் கடந்து ஆஸ்கோவில் புதிதாகத் தொடங்கினார்கள். சேர்ந்து பாடிவிட்டு நாளைத் தொடங்குவது இப்பள்ளிகளின் வழக்கம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு காலைப் பாட்டில் மாணவர்களை உட்கார வையுங்கள். டேனியப் பண்பாட்டைப் பற்றிய எந்த உரையையும்விட அது மேல்.

ரீபெ நாட்டின் மிகப் பழைய நகரம், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சந்தையூர். துறையருகே உள்ள மரத்தூணில் வளையங்கள் போட்டு வெள்ள உயரங்களைக் குறித்திருக்கிறார்கள். உச்சியில் இருப்பது 1634ஆம் ஆண்டு வெள்ளம், இயல்பு மட்டத்துக்கு மேல் சுமார் 6 மீட்டர். மாணவர்களை அதன் கீழே நிறுத்திவிட்டு, பிறகு ஊருக்கும் கடலுக்கும் இடையே 1911-14இல் கட்டிய கரையணையின் மேல் நடக்க விடுங்கள்.

அணைக்கு அப்பால் வாடன் கடல். இங்கிருந்து மான்டோ தீவுக்கு, ஓதம் இறங்கி நீர் வற்றும்போது மட்டும் கடற்தரை வழியாக டிராக்டர் பேருந்து போகும். பல குழுக்கள் தவறுவது நேரக் கணக்கில். வற்றுநேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். "காலை பத்து மணிக்கு மான்டோ" என்று முதலில் எழுதிக்கொண்டு மற்றதைப் பொருத்தினால் திட்டம் முழுக்கக் குலையும். முதலில் நீர்மட்ட அட்டவணை, பிறகுதான் தங்குமிடம். பலத்த மேற்குக் காற்று அடித்தால் அட்டவணையை மீறி நீர் நிற்கும், பயணம் ரத்தாகும். மாற்று நாள் ஒன்று கையில் இருக்கட்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் சேற்றில் யாரும் இறங்கக் கூடாது. சேற்றின் மேல் சுருள் சுருளாகக் குவியலும், பக்கத்தில் சிறு குழியும் தெரியும். இரண்டுக்கும் நடுவே மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டினால் கடற்புழு வரும். ஆர்க்டிக்குக்குப் பறக்கும் பறவைகள் இங்கே இறங்குவது இத்தகைய இரைக்காகத்தான்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை நல்ல பருவம். அப்போதும் காற்று குளிரும், காற்றுத் தடுக்கும் மேலுடையும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அரசு அங்கீகாரம் பெற்றவற்றில் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். நம் பிள்ளைகள் பழக்கத்தில் முதலில் வலப்புறம் பார்த்துவிட்டுச் சைக்கிள் பாதையில் கால் வைப்பார்கள். முதல் நாளே நடைபாதையில் நிறுத்திப் பழக்குங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும், சிறார் என்றால் பெற்றோர் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

தலைநகருக்கு ஒதுக்கிய நேரத்தில் ஆசியாட்டிஸ்க் பிளாஸ் சதுக்கத்துக்குப் போங்கள். டேனிய ஆசியக் கம்பெனியின் பழைய கிடங்கு அங்கே நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் உடன்பாடு செய்து தரங்கம்பாடியில் இறங்கிய டேனியர், 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். நாயக்கர் தங்க ஏட்டில் அனுப்பிய கடிதம் டேனிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் பயணத்துக்குப் பல வாரம் முன்பே காப்பகத்துக்கு எழுதிவிடுங்கள்.