வளர்ந்த பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் பரிசும்: பேச்சைப் பெற்றோரே தொடங்கட்டும்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், புதுச்சேரியிலும் கடலூரிலும் கடன் சுமையில் இருக்கும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் என்னிடம் வரும் கிறிஸ்தவக் குடும்பங்களின் கிரெடிட் கார்டு அறிக்கைகளைப் புரட்டும்போது, டிசம்பர் 10-க்கும் 24-க்கும் இடையில் துணிக்கடை, செல்போன் கடை, நகைக்கடை, ஆன்லைன் கடை என்று ஒரே மாதிரியான பதிவுகள் வரிசையாக வருவதைப் பார்க்கிறேன். சிறு குழந்தைகளுக்கு வாங்கிய சட்டையும் பொம்மையும் அதில் சிறு பகுதிதான். சொந்தக் காலில் நின்று சம்பாதிக்கிற அண்ணன், தங்கை, மாப்பிள்ளை, மருமகள் ஆகியோருக்கு வாங்கியவைதான் தொகையை ஏற்றுகின்றன.

தொகையை முழுதாகக் கட்டிவிட முடிந்தால் அதில் நான் தலையிட ஒன்றுமில்லை. ஆனால் புத்தாண்டும் பொங்கலும் அடுத்தடுத்து வருவதால் பலர் மினிமம் டியூ எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியை மறந்துவிடுகிறார்கள். கார்டுகளில் மாத வட்டி பெரும்பாலும் 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கிறது. 40,000 ரூபாய் பாக்கிக்கு 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,400 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய், ஆக ஒரு மாதத்துக்கு 1,652 ரூபாய். பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாள்கள் கிடைக்காது என்பதால், பெட்ரோலுக்குத் தேய்த்தால்கூட அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று வாங்குகிறவர்களும் பில்லை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டிக்குரிய ஜி.எஸ்.டி.யும் பல நேரங்களில் பிராசசிங் கட்டணமும் வாங்குகிறவர் தலையில்தான் விழுகின்றன.

பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கித் தருவது ஒரு வழிப் பாதையாக இருந்தது; அப்பாவும் அம்மாவும் வாங்கினார்கள், பிள்ளைகள் உடுத்தினார்கள். மூன்று பிள்ளைகளுக்கும் திருமணம் ஆகிவிட்டால் வீட்டில் பெரியவர்கள் எட்டுப் பேர். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருக்கும் ஒரு பொருள் கொடுப்பதானால் 56 பார்சல்கள். தம்பதிகளை ஓர் அலகாக வைத்துக்கொண்டாலும் நான்கு குடும்பங்களுக்கிடையே 12 பரிசுகள் போய்வர வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதில்லை. ஒரு வருடம் ஒருவர் கொடுத்தார், மறு வருடம் வாங்கியவர் சும்மா இருக்கக் கூசினார், இப்படியே வளர்ந்தது.

இவ்வளவு செலவிட்டு வாங்கிய பரிசு அதைப் பெற்றவருக்குப் பயன்படுகிறதா என்பதையும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல், மாணவர்களிடம் விசாரித்து 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பரிசு பெற்றவர்கள் அதற்குப் போட்ட மதிப்பு, கொடுத்தவர் செலவழித்த விலையைவிடச் சுமார் 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது என்பது அவர் கண்டது. அன்பின் மதிப்பை அவர் அளக்கவில்லை, பொருளின் மதிப்பை மட்டுமே அளந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் நம் வீட்டு பீரோக்களைத் திறந்து, பிரிக்காத சட்டைப் பெட்டிகளையும் அளவு சேராத சுடிதார் துணிகளையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு வியப்பளிக்காது.

எல்லாருக்கும் சிரமம் இருந்தும் எவரும் வாய் திறக்காததற்குக் காரணம், குறைவாகச் சம்பாதிப்பவர் பேசினால் இல்லாமையை ஒப்புக்கொள்வதாகவும், நிறையச் சம்பாதிப்பவர் பேசினால் கஞ்சத்தனமாகவும் தோன்றிவிடுகிறது என்பதே. ரெட்டியார்பாளையம் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூத்த மகள் கணவரோடு பிரான்சில் இருக்கிறார். மகனுக்குச் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இளைய மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறார். அக்காள் ஆண்டுதோறும் சென்ட், சாக்லேட், கைக்கடிகாரம் என்று பெட்டி நிறையக் கொண்டுவர, அதற்கு ஈடுகட்டும் வகையில் அத்தானுக்கும் அக்காளுக்கும் எதையாவது செய்தாக வேண்டும் என்று தம்பி பர்சனல் லோன் வாங்கியிருந்தார். அவர் என்னிடம் வந்ததும் அந்தக் கடனுக்காகத்தான். “நீங்களே அப்பாவிடம் சொல்லுங்கள் சார், நான் சொன்னால் அக்காள் வருத்தப்படும்” என்றார்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் நவம்பரில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிய செய்தி நல்ல மாதிரி என்பதால் அப்படியே தருகிறேன்: “இந்த வருஷம் எனக்கும் அம்மாவுக்கும் யாரும் எதுவும் வாங்க வேண்டாம். உங்களுக்குள்ளும் சீட்டு எடுத்து ஒருவருக்கு ஒருவர் மட்டும் கொடுங்கள், ஐந்நூறு ரூபாய்க்குள். பேரப்பிள்ளைகளுக்கு வழக்கம்போல.” முதலில் கட்டைவிரலை உயர்த்தியது பிரான்சில் இருக்கும் மகள்தான். விமானத்தில் கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்டியே அவர் ஓய்ந்துபோயிருந்தார். தபாலில் அனுப்பலாம் என்றாலும், வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புப் பொதிகளுக்கு 5,000 ரூபாய் வரை இருந்த சுங்கத் தீர்வை விலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டதால், இங்கே பொதியைப் பெறுகிறவர் தீர்வை கட்டி எடுக்க நேர்கிறது.

சீட்டு எடுப்பது நமக்குப் புதிதில்லை. கான்வென்ட் பள்ளியிலோ அலுவலகத்திலோ ‘கிறிஸ்மா, கிறிஸ்சைல்ட்’ விளையாடாதவர்கள் குறைவு. எட்டுப் பெயர்களை எழுதி ஓர் எவர்சில்வர் குண்டானில் போட்டு எடுத்தால் 56 என்பது எட்டாகிவிடுகிறது. கணவனுக்கு மனைவி பெயர் வந்தால் திரும்பப் போட வேண்டும் என்பதையும், தொகையின் வரம்பையும் முன்பே பேசிவிடுவது நல்லது. வரம்பை மீறி “சும்மா, வழியில் பார்த்தேன்” என்று தனியாக ஒரு பையை நீட்டுகிறவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். பெரும்பாலும் அது அம்மாதான். அவரை முதல் வருடமே கட்டுப்படுத்தாவிட்டால் ஏற்பாடு இரண்டாம் வருடம் தாங்காது.

வேறு சில குடும்பங்கள் பரிசே வேண்டாம் என்று, ஆளுக்கு ஒரு தொகையாகச் சேர்த்து வீட்டுக்குத் தேவையான ஒன்றை வாங்குகின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டிவிட்டுப் போனபின், தாழ்வான நகர்களில் மெத்தையும் வாஷிங் மெஷினும் போன வீடுகளில் அந்த டிசம்பர் அப்படித்தான் கழிந்தது. உடன்பிறந்தவர்கள் கூடிப் பெற்றோருக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்கிக் கொடுத்தார்கள், ஒருவரும் சட்டையைப் பற்றிப் பேசவில்லை. புயல் வந்துதான் இந்த யோசனை வர வேண்டும் என்பதில்லை.

கை வேலையில் நேரம் செலவிட முடிந்தவர்களுக்குத் தின்பண்டமே போதும். அதிரசம், முறுக்கு, கலகலா, அச்சுமுறுக்கு ஆகியவற்றோடு, ரவையும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேரும் நம் புதுச்சேரி விவிக்கம் கேக்கை அம்மா செய்யும்போது வளர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் நின்று அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். “கண்ணளவுதான்” என்பார்கள், கிராம் தராசை வைத்து நிறுத்துதான் எழுத வேண்டும்.

பெற்றோர் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய பரிசாக நான் வற்புறுத்திச் சொல்வது ஒரு ஃபைல். முன்னாள் வங்கிக்காரன் புத்தி என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெற்றோர் காலமானபின் எந்த வங்கியில் என்ன வைப்பு இருக்கிறது, லாக்கர் சாவி எங்கே, மனையின் தாய்ப்பத்திரம் யாரிடம் என்று தெரியாமல் வாரிசுச் சான்றிதழோடு அலைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்குகள், அஞ்சலகச் சேமிப்பு, காப்பீட்டுப் பாலிசிகள், பத்திரங்கள், வாங்கிய கடன்கள், கொடுத்த கைமாற்றுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் நாமினி யார் என்பதைச் சரிபார்த்து, நகலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அதுவே சண்டைக்கு வித்து. திருமணத்துக்கு முன் போட்ட நாமினி இன்னும் அண்ணனாகவோ காலமான தாயாராகவோ இருக்கும் கணக்குகள் சாதாரணம். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினியாக வைத்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிட முடியும் என்பதால், மூன்று பிள்ளைகள் உள்ளவர்கள் ஒருவரை மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களை மனம் நோகச் செய்ய வேண்டிய நிலை இப்போது இல்லை. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர, உரிமையை முடிவு செய்வது உயிலும் வாரிசுச் சட்டமும்தான் என்பதையும் அதே தாளின் கீழே எழுதி வையுங்கள்.

பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்யக்கூடியவற்றிலும் காசு கேட்காதவை உண்டு. 70 வயது நிரம்பியவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. ஆதாரைக் கொண்டு பதிவு செய்துகொள்ள வேண்டும், அட்டை இலவசம். விடுமுறையில் வரும் மகன் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்கினால், அவர் வாங்கிவரும் மூன்றாவது ஸ்வெட்டரைவிட அப்பாவுக்கு அது உதவும். பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடாமல் விடப்பட்ட வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி நடத்தும் ‘உத்கம்’ இணையதளத்தில் பெற்றோரின் பெயரைப் போட்டுப் பார்ப்பதும் அந்த மதியத்திலேயே முடியக்கூடியது. அப்பா நெய்வேலியில் வேலை பார்த்த காலத்தில் தொடங்கி மறந்துபோன ஒரு கணக்கு இப்படி அகப்பட்டால், யாருக்கு யார் பரிசு கொடுத்தார்கள் என்பதே குழம்பிவிடும்.

எதை மாற்றினாலும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்குள், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுக்குள், பேசி முடித்துவிட வேண்டும். டிசம்பர் 15-க்குப் பிறகு பேசினால் யாரோ ஒருவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார், அவரைச் சமாளிக்க மற்றவர்களும் கடைக்கு ஓடுவார்கள். மகனோ மகளோ அந்த ஆண்டு திருமணமானவராக இருந்தால், தலைக் கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தி வீட்டார் மோதிரம், பட்டு என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் சிக்கனத்தைப் பற்றிப் பெண் வீட்டார் தாமாகப் பேச்செடுப்பது மகளுக்குத்தான் சங்கடமாக முடியும். மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டு “எதுவும் வேண்டாம், பிள்ளைகள் வந்து சாப்பிட்டுப் போனால் போதும்” என்று சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் சொல்லவில்லையென்றால் அந்த ஒரு வருடத்தை வழக்கப்படி, கையில் இருக்கும் பணத்துக்குள் நடத்திவிட்டு, சீட்டு எடுப்பதை அடுத்த நவம்பரில் புது மாப்பிள்ளையையும் குழுவில் சேர்த்துக்கொண்டு தொடங்கலாம்.