பசிக்கும் பாக்டீரியா சேமிக்கும் பிளாஸ்டிக்

குளத்து நீரைப் பச்சையாக்கும் நீலப்பச்சைப் பாசி, பெயரளவில் பாசியே தவிர, உண்மையில் செடிகொடிகளைப் போல ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா ஆகும். இவ்வகையைச் சேர்ந்த சினெக்கோசிஸ்டிஸ், வெயிலையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டே, மட்கக்கூடிய பிளாஸ்டிக் ஒன்றைத் தன் செல்லுக்குள் உருவாக்குகிறது. பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், சுருக்கமாகப் பி.எச்.பி., எனப்படும் இப்பொருளை 1920-களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மாரிஸ் லெமுவான் வேறொரு பாக்டீரியாவில் கண்டறிந்தார்.

இதை உருவாக்கத் தூண்டுவது பசி. நீரில் தழைச்சத்தாகிய நைட்ரஜன் தீர்ந்துவிட்டால், செல்லால் புதிய புரதங்களைக் கட்டவோ பிரிந்து பெருகவோ இயலாது. தன் நிறமிகளையே செரித்து மஞ்சளாகிவிடுகிறது. அப்போது கிடைக்கும் கார்பனை முதலில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாகச் சேமிக்கிறது. நாளடைவில் அதில் ஒரு பகுதி சிதைந்து அசிட்டைல் கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறாக மாற, நொதிகள் அம்மூலக்கூறுகளை இரண்டிரண்டாக இணைத்து, ஹைட்ரஜன் ஏற்றி, நீண்ட சங்கிலியாகக் கோக்கின்றன. அச்சங்கிலிகள் செல்லுக்குள் சிறு மணிகளாகத் திரள்கின்றன. கிளைக்கோஜன் இல்லாத செல் பஞ்சத்திலிருந்து மீள்வதில்லை, பி.எச்.பி. இல்லாத செல்லோ தடையின்றி மீள்கிறது என்பது என்னை வியக்கவைக்கிறது.

இயல்பான நிலையில் இம்மணிகளின் அளவு சொற்பமே. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதற்கொரு வழி கண்டனர். பிர்சி என்ற சிறு புரதம், பஞ்சக் காலத்தில் ஒரு நொதியை முடக்கிக் கார்பனைக் கிளைக்கோஜன் பக்கமே தேக்கிவைக்கிறது. அப்புரதத்திற்கான மரபணுவை நீக்கியதும், தேங்கிய கார்பன் மடை திறந்ததுபோல் பி.எச்.பி. பக்கம் பாய்ந்தது. கியூப்ரியாவிடஸ் நெக்கேட்டர் என்ற மண் பாக்டீரியாவின், பி.எச்.பி. உருவாக்க உதவும் இரு மரபணுக்களையும் சேர்த்தபோது, செல்லின் உலர் எடையில் 63 விழுக்காடு பிளாஸ்டிக்காயிற்று. அசிட்டேட் என்ற கார்பன் உணவையும் கொடுத்தபோது 81 விழுக்காட்டை எட்டியது.

பி.எச்.பி. ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸில் உருகும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உணவாகக்கொண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைத்துவிடும். தனியாக அது எளிதில் உடையக்கூடியதாதலால், சங்கிலியில் வாலரேட் என்ற வேறுவகை அலகுகளைக் கலந்து வளையச் செய்கிறார்கள். இன்று பி.எச்.பி. தயாரிக்கும் பாக்டீரியாக்களுக்குப் பெரும்பாலும் சர்க்கரையோ எண்ணெயோ ஊட்டவேண்டியிருக்க, சயனோபாக்டீரியாவுக்கு அச்செலவில்லை என்பதே பெரிய ஆதாயம். ஆனால் அது மெதுவாக வளர்கிறது. செல்கள் அடர்ந்தால் மேலுள்ளவை கீழுள்ளவற்றுக்கு ஒளியை மறைக்கின்றன. நீரை வடித்து, செல்லை உடைத்து, மணிகளைப் பிரித்தெடுக்கவும் செலவாகிறது.